செவ்வந்திக்கு ஒரு மண்டலம்

கொஞ்சம் நகந்து உக்காரு தாயி, இந்த வயர்கூடையை நடுவுல வச்சுக்கிடுதேன். மேல போட மாட்டேன், உள்ள பால் புட்டி இருக்கு. கண்ணாடிப் புட்டி, இன்னும் அட்டைகூடப் பிரிக்கல. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். என் பிள்ளையை வாங்கிட்டு வரணும். என் பிள்ளைன்னா நான் பெத்த பிள்ளை இல்லை, தம்பி பிள்ளை. எனக்குன்னு சொல்லிப் பெத்த பிள்ளை. பிறந்து இன்னைக்கு மூணு நாள்.

நீ உன் பாட்டுக்கு விளையாடு, நான் எட்டிப் பார்க்க மாட்டேன். பார்த்தேன்தான், இல்லைங்கல. மிட்டாயை வரிசையாச் சேர்த்து உடைக்கிறது, அதுதானே? கோவில்பட்டியில மிட்டாய்க் கம்பெனியில நாளெல்லாம் கடலைமிட்டாய்க்குத் தாள் சுத்துதவ நான். போன்லயும் மிட்டாயான்னு நினைச்சாலே விரல் நோகுது. கோவிச்சுக்காதே. ஒண்ணை உடைச்சா இன்னொண்ணு மேலேருந்து விழுதுன்னா அதுல யோசிக்க என்ன இருக்கு?

நான் விளையாடுதது குதிரை.

சிரிக்காதே. மூணாங்கிளாஸ் தாண்டாத பொம்பளைக்குக் குதிரை என்னத்துக்குன்னுதானே? ரேஸ் விடுத குதிரை இல்லை, வளர்க்குத குதிரை. லாயம் இருக்கும், புல்லுக்கட்டு இருக்கும், தண்ணித் தொட்டி இருக்கும். ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்த்தா பத்து நாள்ல குட்டி. கேம் நாள் இல்லை, நம்ம காலண்டர் நாள் பத்து. அந்தக் குட்டி தாய் மடியில பால் குடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கும். அஞ்சு நாள் ஆனதும் கேம் கேக்கும், குட்டியைப் பிரிக்கவான்னு. பச்சையை அமுக்குனா குட்டி தனி லாயத்துக்குப் போயிடும். தாய் தலைக்கு மேல சிவப்பா ஒரு இருதயம் மினுக்கும். அடுத்ததுக்கு அவ தயார்னு அர்த்தம். சிவப்பை அமுக்குனா பிரிக்காது, மறுநாள் மறுபடி கேக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. எப்போ பிரிக்கணும், எப்போ சேர்க்கணும், எத்தனை நாளைக்கு ஒரு குட்டி. ஆனா இதுலதான் ஒவ்வொருத்தன் லட்சணமும் தெரிஞ்சுபோகும்.

எங்களுக்கு அதுல ஒரு கிளப் உண்டு. முப்பது பேர். வாட்ஸப்புலயும் குரூப் இருக்கு. தலைவர் சாத்தூர்ல இரும்புக்கடை வச்சிருக்க தவசி அண்ணாச்சி. அண்ணாச்சிங்கிறது வயசுக்குக் குடுக்கிற மரியாதை, ஆளுக்கு இல்லை. அவுக லாயத்துக்குள்ள போய்ப் பார்க்க கேம்ல ஒரு வழி இருக்கு. போய்ப் பார்த்தேன். அஞ்சாம் நாள் பிரிக்காரு, ஆறாம் நாள் சேர்க்காரு, பதினாறாம் நாள் குட்டி, இருபத்தொண்ணாம் நாள் மறுபடி பிரிக்காரு. கடிகாரம் தோத்துது. எழுபத்திரண்டு குட்டி நிக்குது அங்க. பேர் என்ன தெரியுமா? ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆணியைத் தினுசு தினுசாப் பிரிச்சுப் பெட்டியில நம்பர் ஒட்டுத கைதானே, குட்டிக்கும் அப்படியே ஒட்டிட்டாரு. மூலையில தாய்க்குதிரை ஒண்ணு நிக்குது. தெம்புன்னு ஒவ்வொரு குதிரைக்குக் கீழயும் பச்சைக்கோடு ஒண்ணு ஓடும். அதுக்கு அது நகக்கண் அளவுகூட இல்லை. தலை தொங்கிக் கிடக்கு. படம்தான், எனக்குத் தெரியாதா. ஆனா அந்தத் தொங்கல் இருக்கே, அதை வரைஞ்சவன் எவனோ பெத்துக் களைச்சவளைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கான்.

இவரு தினம் காலையில ரோசாப்பூ படம் போட்டு, நல்லதே நினைன்னு குரூப்புல அனுப்புவாரு. முதல்ல நீ நினைச்சியா?

போடியில ஒரு டீச்சர் இருக்கா, வசந்தகுமாரின்னு. காலேஜ்ல கணக்குச் சொல்லிக் குடுக்காளாம். அவ பெரிய அட்டவணை ஒண்ணு போட்டு விட்டா. தெம்பு இத்தனை இறங்குனா குட்டியோட தரம் இத்தனை இறங்கும், இதைப் பெருக்கி அதை வகுத்து, குட்டியைப் பிரிச்ச மூணாம் நாள் மறுபடி சேர்க்கிறதுதான் உத்தமம்னு எழுதியிருக்கா. எல்லாரும் கைதட்டுத பொம்மையாப் போட்டுத் தள்ளுதாங்க. மூணாம் நாளாம். நீ பெத்து மூணாம் நாள் எந்திரிச்சுக் குளிக்கப் போனியான்னு அவகிட்டக் கேளுன்னு பொன்செல்விகிட்டச் சொன்னேன். அவ எழுதல. டீச்சர்னா இவளுக்கு ஒரு பயம்.

பொன்செல்வி யாருன்னு சொல்லல இல்ல? என் தம்பி காளிராஜ் பொண்டாட்டி. இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கவ அவதான். பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. கேம் முழுக்க இங்கிலீஷு, அவ வாசிச்சுச் சொல்லுவா, நான் முடிவு சொல்லுவேன், அவ அமுக்குவா. குரூப்புல எனக்குப் பதிலா எழுதுததும் அவதான். போனுக்குள்ள இந்த கேமை ஏத்திக் குடுத்ததே அவதான். மதினி, வேலை விட்டு வந்து சும்மா உக்காந்திருக்கீகளே, பொழுது போகும்னு சொல்லி ஏத்துனா. அவ அடுப்படியில வேலையா இருப்பா, நான் கூப்பிட்டா ஈரக்கையைத் துடைச்சுட்டு வந்து வாசிச்சுச் சொல்லிட்டுப் போவா. குறை சொல்லக் கூடாது. இந்த மூணு நாளைக்கு முன்னால வரைக்கும் குறை சொல்ல ஒண்ணுமே இல்லை அவகிட்ட.

கயத்தாறு தாண்டியாச்சா? சரி.

என் குதிரை பேரு செவ்வந்தி. செவலை நிறம், நெத்தியில மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. கிளப்புலயே அவ மாதிரி ஒண்ணு கிடையாது, தவசி அண்ணாச்சியே ஒத்துக்கிடுவாரு. ரெண்டு வருஷத்துல நாலே குட்டி. எல்லாம் நம்பர் ஒண்ணு தரம். ஏன்னு கேளு. நான் ஒரு சட்டம் வச்சிருக்கேன். பெத்தவளுக்கு ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள். குட்டி போட்ட நாள்லேருந்து நாப்பத்தெட்டு நாளைக்கு அவளை யாரும் தொடக் கூடாது, குட்டியைப் பிரிக்கக் கூடாது. தினம் காலையில கேம் கேக்கும், பிரிக்கவான்னு. பொன்செல்வி வாசிப்பா. சிவப்புன்னுவேன். மறுநாள் கேக்கும். சிவப்பு. அதுக்கு வேற வேலை இல்லை, கேட்டுக்கிட்டே கிடக்கட்டும். மண்டலம் முடிஞ்ச பிறகும் உடனே ஜோடி சேர்க்க மாட்டேன். குட்டி போனா தாய் ரெண்டு நாள் லாயத்துல இங்கயும் அங்கயும் நடந்து தேடும், அப்படி ஒண்ணு வச்சிருக்கான் அந்த கேம்ல. அந்தத் தேட்டம் அடங்கணும். தெம்புக்கோடு முழுசாப் பச்சையாகணும். அப்பறம்தான் அடுத்த பேச்சு.

எனக்குப் பைத்தியம்னு குரூப்புல பாதிப்பேர் நினைக்காங்க. நினைச்சுக்கட்டும். எழுபத்திரண்டு குட்டியில ஒண்ணுக்கும் பேர் வைக்கத் தெரியாத கூட்டம், அதுகிட்ட நான் நல்ல பேர் வாங்கி என்ன செய்ய?

பொன்செல்விக்கு இது எத்தனாவதுன்னா கேக்க? மூணாவது. மூத்தவளுக்கு நாலு நடக்குது. அடுத்தவனுக்கு ஒன்றரை. ஏன், கண்ணை அப்படி விரிக்க? கணக்குப் போடுதியாக்கும். அது தானா அமைஞ்சது தாயி. நாங்க என்ன பொத்தானையா அமுக்குனோம்? மனுஷிக்கும் குதிரைக்கும் ஒண்ணா. குதிரை வாயில்லா ஜீவன், அதுக்காக நாமதான் பேசணும். மனுஷிக்கு வாய் இருக்கு, முடியலைன்னா முடியலைன்னு சொல்லலாம்ல? அவ ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லுத ஆளும் கிடையாது. குழம்புல உப்பு இல்லாட்டிக்கூட இலையைப் பார்த்துச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவா. ஏழாம் மாசம் கால் ரெண்டும் பூரிச்சு செருப்பு ஏறல, என் செருப்பைக் குடுத்தேன் போட்டுக்கிடச் சொல்லி. அப்படித்தான் நான் அவளை வச்சிருந்தது.

எனக்கு ஏன் பிள்ளைன்னு நீ கேக்கல, ஆனா யோசிக்க. சொல்லுதேன். பத்தொம்பது வயசுல என்னைக் கழுகுமலையில கட்டிக் குடுத்தாக. பதினோரு வருஷம் இருந்தேன். ஒண்ணும் தங்கல. என் மாமியா சமையக்கட்டுல தினசரிக் காலண்டர் ஒண்ணு தொங்கவிட்டு அதுல மாசாமாசம் வட்டம் போடுவா. இன்னைக்கு, நாளைக்கு, நாளன்னைக்குன்னு மூணு வட்டம். வீட்டுக்கு வாரவுக போறவுக எல்லாரும் பார்க்குத இடத்துல. அந்த மூணு நாளும் என்னை வேலை செய்ய விடமாட்டா, முட்டை அவிச்சுக் குடுப்பா. மத்த நாள்ல நான் இருக்கனா செத்தனான்னு பார்க்க மாட்டா. நான் ஒண்ணும் பேசினதில்லை. அப்ப எனக்கும் வாய் கிடையாது. பதினோராம் வருஷம் அவரு வேற ஒருத்தியைக் கூட்டிட்டு வந்தாரு, நான் பெட்டியைத் தூக்கிட்டு எங்கப்பா வீட்டுக்கு வந்துட்டேன். அது கிடக்கட்டும். அதுகளைப் பத்திப் பேச இந்த பஸ் பத்தாது.

வந்து இந்தக் காளிராஜைப் படிக்க வச்சேன். படிப்பு ஏறல, ஆட்டோ ஓட்டுதான். அவனுக்குப் பொன்செல்வியைப் பார்த்துக் கட்டி வச்சேன். கல்யாணத்தன்னைக்கே சொன்னான், அக்கா, என் பிள்ளையில ஒண்ணு உனக்குன்னு. நானா கேக்கல. அவனாச் சொன்னான். மூத்தது பிறந்தது. தலைச்சனைக் குடுக்கக் கூடாதுன்னு பெரியவுக சொன்னாக, சரின்னேன். அடுத்தது பையன். நாளைக்குக் கொள்ளி போட வீட்டுக்கு ஒருத்தன் வேணும்ல, அவனையும் கேக்கல. மூணாவது என் பிள்ளை. இது வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். யாரும் ஒளிச்சு வைக்கல. வாங்கித் தொட்டில்ல போடப் பழைய வேட்டியெல்லாம் கிழிச்சுத் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். இந்தா பாரு, கூடையில. வசம்பு, கறுப்பு வளையல், பவுடர் டப்பா.

சரி, குதிரைக்கு வாரேன். குதிரையாலதான் வந்துச்சு எல்லாம்.

செவ்வந்தி அஞ்சாவது குட்டி போட்டா. நாலுன்னு முன்னாடி சொன்னனா? இதோட அஞ்சு. சிட்டுன்னு பேர் வச்சேன். அம்மா மாதிரியே செவலை, பொட்டு மட்டும் இல்லை. ஆறாம் நாள் தவசி அண்ணாச்சி குரூப்புல ஆரம்பிச்சாரு. கிளப்புக்குக் கிளப்பு பொங்கல் கோப்பைன்னு ஒண்ணு வருதாம், அதுக்கு செவ்வந்தி வயித்துக் குட்டி ஒண்ணு இருந்தா கோப்பை நமக்குத்தானாம். அதனால சிட்டை உடனே பிரிச்சு, செவ்வந்தியை அவரோட பட்டாளம்ங்கிற ஆண் குதிரையோட சேர்க்கணுமாம். பிறக்குத குட்டியைக் கிளப்புக்குக் குடுத்துடணுமாம். கிளப்புக்குன்னா அவருக்கு. நாள் பத்தாது, நேரம் பத்தாதுன்னு காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை. கூட அந்த டீச்சர் வேற, செண்பகவல்லி அக்கா பெரிய மனசு பண்ணணும்னு எழுதுதா. செண்பகவல்லி நான்தான். பெரிய மனசு பண்ணுததுக்கு இவ யாரு? பெக்கப்போறது செவ்வந்தி, வாங்கப்போறது அண்ணாச்சி, பெரிய மனசு மட்டும் நானா?

நாலு நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் பொன்செல்வியைக் கூப்பிட்டேன். எழுத வேண்டாம், நான் வாயாலயே பேசுதேன், பிடி போனைன்னேன். அவளுக்கு அப்ப எட்டாம் மாசம். சுவத்துல சாஞ்சு உக்காந்து, சின்னவன் மடியில தூங்குதான், ஒரு கையில போனை என் வாய்க்கு நேராப் பிடிச்சா. நான் பேசுனேன். என்ன பேசுனேன்னு வார்த்தை மாறாம இப்பவும் சொல்லுவேன்.

"அண்ணாச்சி, கேட்டுக்கோங்க. பெத்த உடம்பு பச்சை உடம்பு. அது தேற ஒரு மண்டலமாவது வேணும். உங்களுக்கு வேணுங்கும்போதெல்லாம் பெத்துப் பெத்துக் கையில குடுக்க அவ என்ன உங்க கடைச் சாமானா? அடுத்தது வேணுமா போதுமான்னு அவளை யாராவது கேட்டீகளா? அவ போதும்னா போதும். பால் மறக்காத குட்டியைத் தாய் மடியிலேருந்து பிரிச்சு இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுன்னு சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. அது அண்ணனா இருந்தாலும் சரி, அக்காவா இருந்தாலும் சரி. பெத்தவளைக் கேக்காம அவ மேல கை வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்."

எப்படி? மூணாங்கிளாஸ்.

பேசி முடிச்சதும் பொன்செல்வி போனையே பார்த்துக்கிட்டு இருந்தா. அனுப்பிட்டியான்னேன். மதினி, நடுவுல லாரி ஒண்ணு போயிட்டு, சரியாப் பதியல, இன்னொரு தடவை சொல்லுங்கன்னா. லாரி போன மாதிரி எனக்குத் தெரியல. சரின்னு முதல்லேருந்து இன்னொரு தடவை சொன்னேன், முன்னதைவிட ஓங்கிச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தவ கண்ணுல தண்ணி. என் பேச்சு அப்படி. கம்பெனியிலயும் நான் பேசுனா தாள் சுத்துத கை நின்னுடும். அனுப்பிட்டு, சின்னவன் தலையைத் தடவிக்கிட்டே ஒண்ணு சொன்னா. "செவ்வந்தி குடுத்து வச்சவ மதினி"ன்னா. ஆமாட்டின்னேன். என்ன தப்பு அதுல? குடுத்து வச்சவதானே.

குரூப்புல அண்ணாச்சி மூச்சு விடல. அன்னையிலேருந்து ரோசாப்பூகூட வரல. ஒழிஞ்சதுன்னு இருந்தேன்.

இப்பக் கேளு. மூணு நாளைக்கு முன்னால அவளுக்கு வலி கண்டு, காளிராஜும் அவ அம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக. நான் வீட்டுல ரெண்டு பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு இருக்கேன். பொம்பளப் பிள்ளை, சுகப்பிரசவம்னு போன் வந்துது. கற்பூரம் கொளுத்தி வச்சேன். மறுநாள் நர்சம்மா வந்து கேட்டிருக்காக, மூணாவது ஆச்சே, ஆபரேஷன் பண்ணிக்கிடுதியாம்மான்னு. இவ உடனே பண்ணிக்கிடுதேன்னு சொல்லியிருக்கா. எங்க வீட்டுல உப்பு இல்லைன்னு சொல்லாதவ. காளிராஜ் முழிச்சிருக்கான். அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமேன்னு இழுத்திருக்கான். நர்சம்மா, அவ கையெழுத்தே போதும், இருந்தாலும் நாளைக்கு நீங்க யாரும் வந்து சண்டை போடக் கூடாது பாருங்கன்னு நின்னிருக்காக.

இவ என்ன செஞ்சா தெரியுமா? தலகாணிக்குக் கீழேருந்து போனை எடுத்தா. அக்கா ஏற்கனவே சொல்லிட்டாக, கேளுங்கன்னு சொல்லி நான் பேசுனதைப் போட்டுவிட்டா.

அதேதான். அண்ணாச்சிக்குப் பேசுனது. ரெண்டாந்தடவை ஓங்கிப் பேசுனனே, அது. வச்சிருந்திருக்கா ஒரு மாசத்துக்கு மேல. அந்த வார்டு முழுக்கக் கேட்டிருக்கு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கட்டில்ல கிடந்த பொம்பளைக எல்லாம் பேச்சை நிப்பாட்டிட்டுக் கேட்டிருக்காளுக. நர்சம்மா, யாரு இவுக, நல்லாப் பேசுதாக, எனக்கு ஒண்ணு அனுப்பி விடுன்னு கேட்டாகளாம். பிறகு காளிராஜும் தலையை ஆட்டியிருக்கான். ஆபரேஷன் முடிஞ்சுபோச்சு. அதோட விட்டாளா? பிள்ளையைக் கையில அணைச்சுக்கிட்டு, இவ என் பிள்ளை, இவளும் என்கிட்டத்தான் இருப்பா, மதினி சொன்னதுதான்னு சொல்லியிருக்கா.

இதெல்லாம் இன்னைக்குக் காலையில போன்ல சொல்லுதான். நேர்ல வந்து சொல்ல முகமில்லை. நான் குதிரைக்குச் சொன்னேன்டான்னு கத்துனேன். தெரியும்க்காங்கான். தெரிஞ்சா பிறகு எதுக்குடா தலையை ஆட்டுனேன்னேன். "நீ சொன்னது சரியாத்தானேக்கா இருந்துச்சு"ன்னான். வச்சுட்டேன்.

நீயே சொல்லு தாயி. ஒரு குதிரைக்குச் சொன்னதை எடுத்து மனுஷி தனக்குப் போட்டுக்கிட்டா அது நியாயமா? இருபத்தொம்பது வயசுப் பொம்பளை. படிச்சவ. அவளுக்கு வேணும்னா அவ வாயால என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல. மதினி, எனக்கு முடியல, மதினி, நான் குடுக்க மாட்டேன்னு. நான் என்ன தவசி அண்ணாச்சியா, கேக்காம இருக்க? ஒரு தடவை கேட்டிருந்தா...

கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பனா? அது... கேக்கலையே. கேக்காததுக்கு என்னத்தைச் சொல்ல.

நான் விடுததா இல்லை. குடுத்த வாக்கு வாக்குதான். நேராப் போய்க் கட்டில் பக்கத்துல நின்னு, கொண்டா பிள்ளையைன்னு கேக்கப்போறேன். புட்டிப் பால்ல வளர்ந்த பிள்ளைக ஊர்ல இல்லையா? அதுக்குத்தான் வாங்கியிருக்கேன். நேரா வண்ணாரப்பேட்டையில இறங்கி ஆஸ்பத்திரி பஸ் ஏறணும். இது தாழையூத்து, சிமெண்ட் பாக்டரி தெரியுது பாரு. இன்னும் கொஞ்சம் நேரம்தான்.

அதுக்குள்ள ஒரு உதவி செய்யி. இந்தா, என் போனை வாங்கு. அந்தக் குதிரைத் தலை இருக்குல்ல, அதை அமுக்கு. மூணு நாளா யாரும் தொடல, பொன்செல்விதானே அமுக்குவா. நாள் எண்ணிக்கிட்டேதான் இருக்கேன். இன்னைக்கு நாப்பத்தெட்டு. மண்டலம் முடியுது. திறந்துட்டா? என்ன சொல்லுது?

குட்டியைப் பிரிக்கவான்னா. ஆமா, அதான் கேக்கும். முடிஞ்சுது, என் சட்டப்படியும் முடிஞ்சுது, இன்னைக்குப் பிரிக்கலாம். யாரும் என்னை ஒண்ணும் சொல்ல முடியாது. பச்சையை அமுக்கு.

இரு. சிட்டு எங்க நிக்குது? எனக்குக் கண்ணாடி இல்லாம சரியாத் தெரியல. தாய்க்குப் பக்கத்துலயா. என்ன செய்யுது. தலையை மடிக்குள்ள விட்டுக்கிட்டா? இன்னுமா குடிக்குது? செவ்வந்தி என்ன செய்யுதா. திரும்பி அதைப் பார்க்குதாளா. நக்குதாளா? அப்படியும் ஒண்ணு வச்சிருக்கானா அந்தப் பாவி, நான் பார்த்ததே இல்லையே. பொன்செல்வி சொன்னதில்லையே.

தெம்புக்கோடு எவ்வளவு இருக்கு? முழுசும் பச்சையா. முழுசுமா? நல்லாப் பாரு. அப்ப பிரிக்கலாம். தெம்பா இருக்கா, தாங்குவா.

இல்ல தாயி, சிவப்பை அமுக்கு. நாளைக்குக் கேக்கட்டும். நாளைக்கும் சிவப்புதான். என் குதிரை, என் சட்டம், எவன் கேப்பான். போனைக் குடு.

ஏன் என் முகத்தையே பார்க்க? தூசி. சிமெண்ட் தூசி, அந்த ஊரைத் தாண்டுனா எப்பவும் எனக்கு இப்படித்தான்.

இது எந்த இடம்? ஆத்துப் பாலமா? வண்ணாரப்பேட்டை எப்போ போச்சு? கண்டக்டரே, வண்ணாரப்பேட்டைன்னு சொல்லித்தானே டிக்கெட் எடுத்தேன், வாயைத் திறந்து ஒரு குரல் குடுக்க மாட்டீரா? ரெண்டு தடவை கத்துனாராம், கேட்டியா தாயி. இவரு கத்துனது யாருக்குக் கேட்டுது. கொழுக்கட்டையை வாயில வச்சுக்கிட்டுக் கத்துனா யாருக்குக் கேக்கும்.

நீ எந்திரிக்காதே, விடு. பஸ் ஸ்டாண்டுலயே இறங்கிக்கிடுதேன். அங்க ஒரு டீயைக் குடிச்சிட்டு, மெதுவா வேற பஸ் பார்த்துப் போறேன். போய்ப் பிள்ளையைப் பார்த்துட்டு வந்தா ஆச்சு. வளையலைப் போட்டுவிட்டுட்டு, துணியைக் குடுத்துட்டு, பார்த்துட்டு வந்தா ஆச்சு. பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்த அதுக ரெண்டும் என்னைத் தேடும்.

அந்தக் கூடையை இப்படி நகட்டு. பார்த்து, புட்டி. ஏன் தாயி, அட்டைகூடப் பிரிக்கலையே, கடைக்காரன் திருப்பி எடுத்துக்கிடுவான்ல?